விமர்சகர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார்?

அவைத்தலைவர் அவர்களே, வேலூரிலிருந்தும் குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் சினிமா ஆர்வலர்களே, வணக்கம்.

2024, 2025 ஆண்டுகளில் வந்த சில தமிழ்ப் படங்களைப் பற்றி விமர்சகர்கள் சொன்னதைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எந்தப் படம் நல்ல படம் என்று பட்டியல் போட நான் வரவில்லை. ஒரே படத்தை ஒருவர் காவியம் என்கிறார், இன்னொருவர் உட்கார முடியவில்லை என்கிறார். இருவருமே நேர்மையானவர்களாக இருந்தால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அவர்களுடைய ரசனையைக் குறை சொல்வதற்கு முன்னால், அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும். இன்றைக்கு நான் வலியுறுத்த வந்தது அதைத்தான்.

தங்கலானை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பா. ரஞ்சித் இயக்கி 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த படம். கதை 1850-இல், நம் வட ஆற்காட்டின் வேப்பூர் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து பொன் தேடிக் கோலார் பக்கம் போகிறார்கள். கோலார் தங்கவயல் நமக்கு அந்நிய ஊர் அல்ல. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் குப்பம், பங்காருப்பேட்டை, அதற்கப்புறம் தங்கவயல்தான். சுரங்கம் 2001-இல் மூடப்படும் வரை அங்கே இறங்கிய கூலிகளின் குடும்பங்களில் பெரும்பகுதி இந்த மாவட்டத்து வேர் உள்ளவை.

படத்துக்கு வந்த விமர்சனங்களில் இரண்டு புகார்கள் திரும்பத் திரும்ப வந்தன. வசனம் புரியவில்லை என்பது முதல் புகார். இரண்டாம் பாதி குழப்பம் என்பது அடுத்தது.

முதல் புகாருக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வசனம் வடதமிழ்நாட்டுப் பேச்சை ஒட்டி எழுதப்பட்டது. வினைமுடிவுகளைப் பாதி விழுங்கிப் பேசுகிற பேச்சு அது. தஞ்சாவூர்க்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ காது பழக அரை மணி நேரமாவது ஆகும். அடுத்து, படம் சிங்க் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே நடிகர் குரலைப் பதிந்து எடுக்கப்பட்டது. டப்பிங் அறையில் மைக்குக்கு முன் நின்று பேசுகிற குரலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கும். வெட்டவெளியில் மூச்சு வாங்க ஓடியபடி பேசுகிற குரலில் அந்தத் துலக்கம் இருக்காது. அது குறையும் அல்ல, உடம்பின் உழைப்பு அந்தக் குரலில்தான் கேட்கிறது. மூன்றாவது சங்கதி, அரங்கின் ஃபேடர்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விமர்சனங்களில் இது அநேகமாக வருவதே இல்லை. அரங்கின் ஒலிக் கருவியில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் என்ற அளவு இருக்கிறது. 7 என்பது தர அளவு. அந்த இடத்தில் வைத்தால் ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல் தரும்படி அரங்கைச் சரிசெய்திருப்பார்கள். வசனம், இசை எல்லாவற்றையும் சேர்க்கிற கலவைக்கூடத்தில் படத்தை முடிக்கும்போதும் அந்த 7-ஐ மனதில் வைத்துத்தான் முடிக்க வேண்டும். ஆனால் பல அரங்குகளில் ஃபேடர் 5-லோ அதற்கும் கீழேயோதான் நிற்கிறது. ஏதோ ஒரு படம் காதைக் கிழித்திருக்கும், யாரோ புகார் சொல்லியிருப்பார்கள், இறக்கிய ஃபேடரைத் திரும்ப ஏற்றியிருக்க மாட்டார்கள். ஒரு புள்ளி இறக்கினால் சுமார் 3.3 டெசிபல் குறைகிறது. இரண்டு புள்ளிக்கு ஏறக்குறைய 6.7. அப்படி இறக்கும்போது படத்தின் முரசொலியும் இறங்குகிறது, வசனமும் சேர்ந்தே இறங்குகிறது. முரசுக்கு ஒன்றும் ஆகாது. வசனத்தில் மெய்யெழுத்துகள்தான் முதலில் போகும், உயிரெழுத்துகளைவிட அவற்றின் ஓசை மெல்லியது. மேலே ஏசி இரைச்சல் வேறு. அப்புறம் விமர்சகர் எழுதுகிறார்: 'வசனம் புரியவில்லை.'

இதே கதையின் மறுபக்கம் கங்குவா. 2024 நவம்பர் 14 அன்று வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று விமர்சகர்களும் ரசிகர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். தயாரிப்பாளரே ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி அரங்குகளைக் கேட்டுக்கொண்டார். ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி வெளிப்படையாக வருத்தப்பட்டார். இந்தப் புகார் முழுக்க நியாயம் என்பது என் கருத்து. அரங்குக்காரர் ஃபேடரை இறக்குவார் என்று பயந்து கலவையை ஏற்றுகிறார்கள், கலவை ஏறியதால் அரங்கு இன்னும் இறக்குகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது, மெதுவாகப் பேசுகிற அடுத்த படம்.

ஆகவே ஒலி பற்றி எழுதுகிறவர் எந்த அரங்கில், எந்த வரிசையில் பார்த்தார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். வசனம் தெளிவில்லை என்று தோன்றினால், அதே அரங்கில் அதே காட்சிக்கு முன் ஓடிய விளம்பரத்தின் பேச்சு தெளிவாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் மங்கல் என்றால் குறை அரங்கில். இருட்டுக் காட்சிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாத் தரம். விளக்கு பழசானால் அது படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். பழியோ ஒளிப்பதிவாளருக்கு.

இரண்டாம் பாதி குழப்பம் என்ற புகாரில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. பொன்னைக் காக்கும் சூனியக்காரி ஆரத்தி தோன்றித் தோன்றி மறைகிற காட்சிகள் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்கின்றன, வேகம் அங்கேதான் அடிபடுகிறது. ஆனால் காலம் பற்றி விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. கோலாரில் பொன் இருக்கிறது என்று பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன் தகவல் திரட்டியது 1802-இல். ஜான் டெய்லர் என்ற சுரங்கக் கம்பெனி வந்து பெரிய அளவில் தோண்டத் தொடங்கியது 1880-இல். படம் நிற்கிற 1850 இரண்டுக்கும் நடுவே. கம்பெனியும் இயந்திரமும் சம்பளப் பட்டியலும் வராத காலம். அதனால்தான் படத்தில் வரலாறும் தொன்மமும் ஒன்றுக்குள் ஒன்று புக இடம் கிடைக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு 'அந்தக் கலவை சரியாகச் சேரவில்லை' என்று ஒருவர் எழுதினால் அது விமர்சனம். 'குழப்பம்' என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் போய்ச் சேராது.

எல்லா முகாமும் பாராட்டிய காட்சி ஒன்று இருக்கிறது. நாயகன் தங்கலான் ஊர் திரும்பும்போது பெண்களுக்கு ரவிக்கை வருகிறது. அவன் மனைவி கங்கம்மாவும் மற்ற பெண்களும் முதல்முறையாக அதை அணிந்து பார்த்து ஒருவரையொருவர் தொட்டுச் சிரிக்கிறார்கள். அரசியல் படம் என்று எழுதியவர்கள், அந்த அரசியல் இந்தக் காட்சியில் துணியாகவும் கையாகவும் வெட்கமாகவும் மாறியிருப்பதை எழுதியிருந்தால், படம் பார்க்காதவருக்கும் விளங்கியிருக்கும்.

அடுத்தது ஜமா. 2024 ஆகஸ்ட் 2 அன்று வந்தது, பாரி இளவழகன் எழுதி இயக்கி நடித்தது. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பெண் வேடம் கட்டுகிற கல்யாணம், அர்ச்சுனன் வேடம் கட்ட ஏங்குகிறான். 1989 வரை திருவண்ணாமலையும் வட ஆற்காடு மாவட்டம்தான், ஆகவே இதுவும் நம் வீட்டுப் படம். இதற்கு வந்த விமர்சனங்கள் அன்பானவை, ஆனால் மெலிந்தவை. 'நடிப்பு அருமை, இளையராஜா இசை பக்கபலம்' என்ற அளவில் நின்றுவிட்டன.

கூத்து தெரிந்தவர் கேட்க வேண்டியவை வேறு. வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகியதும் அடவு கட்டிச் சுற்றி வருகிற அந்த வருகையை கேமரா எவ்வளவு நேரம் வெட்டாமல் பிடிக்கிறது? சுற்றலின் நடுவில் வெட்டினால் ஆடுகிறவரின் தம் தெரியாது. கால் தெரிகிற தூரத்தில் ஷாட் இருக்கிறதா, அல்லது முகத்தோடு நின்றுவிடுகிறதா? முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் ஒலிக்கிற இடத்தில் பின்னணி இசை ஒதுங்கி நிற்கிறதா, மேலே ஏறுகிறதா? தலைக்கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு உட்கார்கிற விதம் நிஜமாக இருக்கிறதா? இவற்றைச் சென்னை விமர்சகர் கேட்கவில்லை என்று குறைப்படுவதில் பயன் இல்லை. பாரதக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

இனி, எந்தப் பிரதி என்ற கேள்வி. மெய்யழகன் 2024 செப்டம்பர் 27 அன்று வந்தபோது ஏறக்குறைய 3 மணி நேரம். சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். இந்தியன் 2-லும் கங்குவாவிலும் வெளியான பிறகு 12 நிமிடம் போனது. முதல் நாள் 'நீளம்' என்று எழுதியவரும் பத்தாம் நாள் 'நீளமே இல்லையே' என்று எழுதியவரும் பார்த்தவை வெவ்வேறு படங்கள். படம் தொடங்குமுன் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிமிடக் கணக்கு இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். படம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை மூன்றையும் எழுதிக் கழித்துப் பார்த்தால் உங்கள் அரங்கில் ஓடியது எந்தப் பிரதி என்று தெரிந்துவிடும்.

ஒரே நாள் வெளியீடும் மதிப்பீட்டைச் சாய்க்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வாழையும் கொட்டுக்காளியும் சேர்ந்து வந்தன. மாரி செல்வராஜின் வாழை அழவைக்கிற படம். பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது, முடிவைப் பார்ப்பவர் கையில் விட்டுவிட்டு அணைகிறது. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்து 'உணர்ச்சி இல்லை' என்று எழுதினார்கள். கொட்டுக்காளியில் வழியை மறித்து ஒரு காளை நிற்கும். வீறாப்பு காட்டி வந்த ஆண்கள் எல்லாம் தள்ளி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போவாள். இசை இருந்திருந்தால் சிரிக்கவா பயப்படவா என்று அதுவே சொல்லிக்கொடுத்திருக்கும். 2025 மே 1 அன்று ரெட்ரோவும் டூரிஸ்ட் ஃபேமிலியும் சேர்ந்து வந்தபோதும் இதே ஒப்பீடுதான் நடந்தது.

மகாராஜா படம் பற்றிய சண்டை உண்மையான சண்டை. நித்திலன் சாமிநாதன் இரண்டு காலங்களை ஒரே காலம்போல் அடுக்கியதை வியந்தவர்கள் ஒருபக்கம். ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கதைமுடிச்சின் அதிர்ச்சியாக வைத்துக்கொள்வது சரியா என்று கேட்டவர்கள் மறுபக்கம். கைத்திறன் பற்றிய பதிலால் அறம் பற்றிய கேள்வியை மூட முடியாது. நான் இரண்டாம் கூட்டத்தோடு நிற்கிறேன், திரைக்கதையின் நேர்த்தியை மறுக்காமலே.

எழுத விரும்பும் இளைஞர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். நட்சத்திரத்தையும் சதவீதத்தையும் நம்பி ஏமாறாதீர்கள். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் சராசரி மதிப்பெண் அல்ல, சாதகமாக எழுதியவர்களின் பங்கு. 100 பேர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்றாலே 100 சதவீதம் வந்துவிடும். 600 சொல்லில் எழுதினால் கதைச் சுருக்கம் 120-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு காட்சிகளையாவது படம் பார்க்காதவர் கண்ணில் தெரியும்படி விவரியுங்கள். முடிச்சுள்ள படம் என்றால் முதல் அரை மணிக்குள் இருந்தே அந்தக் காட்சிகளை எடுங்கள். இடைவேளையில் எதையும் வெளியிடாதீர்கள். பெயர்களை இறுதி டைட்டிலில் பார்த்து எழுதுங்கள்.

'இரண்டாம் பாதி தொய்வு' என்ற தேய்ந்த வரியைக் காரணம் சொல்லாமல் எழுதாதீர்கள். நாயகனின் தேவை இடைவேளையிலேயே நிறைவேறிவிட்டதா? நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஃப்ளாஷ்பேக் மறுபடி சொல்கிறதா? காட்சி தேவைக்கு முன்பே தொடங்கி, தேவை முடிந்த பிறகும் நிற்கிறதா? மூன்றில் எது என்று சொன்னால் இயக்குநருக்கும் அது உதவும்.

கங்குவாவுக்குப் பிறகு, அரங்க வளாகத்தில் யூடியூப் விமர்சனம் எடுக்க விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனத்தையே தடுக்க வேண்டும் என்று வழக்கும் போனது. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மறுத்தது சரி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் வாய்க்கு மூன்று நாள் பூட்டுப் போட முடியாது. ஆனால் தயாரிப்பாளர்களின் புகாரில் பொய் இல்லாத பகுதியும் உண்டு. படம் முடியுமுன்னே தீர்ப்பு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வாசகர் கண்டுகொள்ள வழி ஒன்றுதான். பெயர் போட்டு, எந்த நாள், எந்தக் காட்சி, எந்த அரங்கு என்று போட்டு, சொன்ன குறைக்குக் காட்சியைச் சாட்சியாக வைத்து எழுதுகிறவரைப் படியுங்கள். அப்படி வேலூரிலிருந்து எழுதுகிறவர்கள் இன்னும் மிகக் குறைவு. வணக்கம்.