வீடிழந்த நகரத்தின் பியானோ: அப்துல்லா இப்ராகிம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்கப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான அப்துல்லா இப்ராகிமைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1974இல் கேப் டவுனில் பதிவான 'மானன்பர்க்' என்னும் ஓர் இசைப்பதிவை நோக்கியே என் பேச்சு செல்லும்; அதுவரை அவர் கேட்டது, கற்றது, இழந்தது எல்லாம் அந்தப் பதிமூன்று நிமிடச் சொச்சத்துக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

1934 அக்டோபர் 9ஆம் நாள் கேப் டவுனில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அடால்ஃப் ஜோஹன்னஸ் பிராண்ட். ஏழு வயதில் பியானோ பயிலத் தொடங்கினார். அவருடைய பாட்டி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையில் பியானோ வாசித்தவர். ஆகவே முதலில் காதில் விழுந்தவை ஞானப்பாடல்கள். கேப் டவுனோ துறைமுக நகரம். இஸ்லாமியக் குடும்பங்களின் ஓதல், புத்தாண்டு ஊர்வலத்தின் கூமா தாளம், அமெரிக்க மாலுமிகள் கொண்டுவந்த ஜாஸ் இசைத்தட்டுகள் எல்லாம் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் ஒலித்தன. அந்த இசைத்தட்டுகள் மீது அவருக்கிருந்த வேட்கையால்தான் 'டாலர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். நெடுங்காலம் உலகம் அவரை டாலர் பிராண்ட் என்றே அறிந்திருந்தது.

1959இல் டிரம்பெட் கலைஞர் ஹியூ மசெகெலா, டிராம்போன் கலைஞர் ஜோனாஸ் க்வாங்வா, சாக்சஃபோன் மேதை கிப்பி மொயெகெட்சி ஆகியோருடன் அவர் சேர்ந்து அமைத்த 'ஜாஸ் எபிசில்ஸ்' குழு, அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் முதல் ஜாஸ் நெடுந்தட்டைப் பதிவு செய்தது. அதே ஆண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைக் காவல்துறை சுட்டு 69 பேர் மாண்டனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கூட்டங்களுக்குத் தடை வந்தது. பல இனத்தவர் ஒன்றுகூடிக் கேட்கும் இசைக்கு அந்த நாட்டில் இடமில்லாமல் போயிற்று. குழு சிதறியது, கலைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர்.

1962இல் பாடகி சதிமா பீ பெஞ்சமினுடன் அவர் சூரிச் சென்றார். அடுத்த ஆண்டு அந்நகருக்கு வந்திருந்த அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனை, தம் துணைவரின் வாசிப்பைக் கேட்டே ஆகவேண்டும் என்று வற்புறுத்தி அழைத்து வந்தவர் சதிமாதான். எலிங்டன் கேட்டார், பாரிசில் பதிவுக்கு ஏற்பாடு செய்தார். அந்த இசைத்தட்டு டாலர் பிராண்டின் பெயரை ஐரோப்பாவெங்கும் கொண்டுசென்றது. ஆனால் அதே வேளையில் சதிமாவின் குரலில் பதிவான பாடல்கள் 1997 வரை வெளிவரவே இல்லை. அப்துல்லா இப்ராகிமின் புகழைப் பேசும் எவரும் இந்தப் பெரும் பாடகிக்கு நேர்ந்த அநீதியையும் சேர்த்தே பேச வேண்டும். 1965இல் இருவரும் மணந்துகொண்டு நியூயார்க்கில் குடியேறினர்.

1968இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்ராகிம் என்ற பெயரை ஏற்றார். அவர் வளர்ந்த கேப் டவுன் அப்போது இடிபட்டுக்கொண்டிருந்தது. 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதாக நிறவெறி அரசு அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, நகருக்கு வெளியே மணற்சமவெளியில் எழுப்பப்பட்ட குடியிருப்புகளில் தள்ளப்பட்டனர். அவற்றுள் ஒன்றின் பெயர்தான் மானன்பர்க்.

1974இல், ரஷீத் வாலி தயாரிப்பாளராக இருக்க, கேப் டவுன் திரும்பியிருந்த இப்ராகிம் சிறு குழுவுடன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் சென்றார். அங்கிருந்த நிமிர்நிலைப் பியானோவின் சுத்தியல்களில் குண்டூசிகள் செருகப்பட்டிருந்தன. அதனால் அதன் ஒலியில் தகரம் அதிர்வதுபோன்ற கணகணப்பு ஏறியிருந்தது. அந்த ஒலியில் அவர் எடுத்துக்கொண்டது, ஜோஹன்னஸ்பர்க் சேரிகளின் சாராயக் கூடங்களில் பிறந்த மராபி இசையின் சுற்று: சில அடிப்படைச் சுரக்கூட்டுகள், நம் ஆவர்த்தனம் போல, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அந்தச் சுற்றின்மேல் பாசில் கூட்சேயின் டெனர் சாக்சஃபோன் அவசரமே இல்லாமல் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் ஒரு சொற்றொடரை நீட்டுகிறார், இழுத்து நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். வேகத்தைக் காட்டும் வித்தை ஓரிடத்திலும் இல்லை. தேவாலயத்தின் அமைதியும் தெரு நடனத்தின் துள்ளலும் ஒரே சுற்றில் இயல்பாகப் பொருந்துவதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

அரசியல் முழக்கம் எதுவும் இல்லாத இந்த இசையைத் தணிக்கை செய்ய அரசால் இயலவில்லை. மக்களோ அதன் பெயரிலேயே தங்கள் முகவரி ஒலிப்பதைக் கேட்டார்கள். 1976இல் சோவெட்டோ மாணவர் எழுச்சி நசுக்கப்பட்டபின் இப்ராகிம், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசை வெளிப்படையாக ஆதரித்து மீண்டும் நாடு நீங்கினார். அவர் அயல்நாட்டில் இருந்த 1980களில், நிறவெறி எதிர்ப்புக் கூட்டங்களில் கூட்சேயும் மற்றொரு சாக்சஃபோன் கலைஞரான ராபி ஜான்சனும் 'மானன்பர்க்'கை வாசிக்க, அது போராட்டத்தின் அறிவிக்கப்படாத கீதமாயிற்று. கூட்சேயின் பெயரோடு அந்த ஊரின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

1983இல் நியூயார்க்கில் 'எகாயா' குழுவை அமைத்த அவர், மண்டேலா விடுதலையானபின் தாயகம் திரும்பி, 1994இல் மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவில் வாசித்தார். 2016இல் மசெகெலாவும் அவரும் ஜோஹன்னஸ்பர்க் மேடையொன்றில் மீண்டும் ஒன்றாக இசைத்தனர். அதற்கு அவர்கள் தேர்ந்த நாள் ஜூன் 16. சோவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கி அன்றோடு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.