பேசவிடுங்க, அப்புறம் எழுதட்டும்

நடுவர் அய்யாவுக்கும், புள்ளைங்கள மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற அம்மாமாருக்கும் வணக்கம். மணி அடிக்கறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

தலைப்பு என்ன? சின்னப் புள்ளைங்களுக்கு முதல்ல வேண்டியது பேச்சா, எழுத்தா? நான் பேச்சு பக்கம். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன், "வாயுள்ள புள்ள பொழைக்கும்னு இவங்க சொல்லுவாங்க, பேங்க்ல போய் சலான் நிரப்பச் சொன்னா வாயாலயா நிரப்புவாங்க?"ன்னு கேட்டாரு. நீங்களும் விசில் அடிச்சீங்க. சரி, வாங்க அந்த பேங்க்குக்கே போவோம்.

அங்க மேஜைகிட்ட சலான வச்சுக்கிட்டு பேனா கேக்கறவங்கள விடுங்க. பேனாவையும் கையில புடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கறவர் மூஞ்சியப் பாத்து நிக்கறாங்களே, அவங்கள பாருங்க. அதுல பத்தாவது வரைக்கும் படிச்சவங்களும் இருக்காங்க. எழுத்து தெரியாதா? 247ம் தெரியும். அந்த ஃபாரத்துல இருக்கறத ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சிடுவாங்க, ஆனா என்ன கேக்குறாங்கன்னு புரியாது. ஏன்னா அந்த மாதிரி சொல்லெல்லாம் அவங்க காதுல விழுந்ததே இல்ல, யாரும் அவங்ககிட்ட அப்படிப் பேசினதும் இல்ல. அண்ணே, சலான் நிரப்ப முடியாம அவங்க நிக்கறது எழுத்து தெரியாததால இல்ல, சொல்லு தெரியாததால. உங்க உதாரணம் எங்க அணிக்குத்தான் சாட்சி சொல்லுது, இத தீர்ப்பு எழுதும்போது குறிச்சுக்கங்க நடுவர் அய்யா!

இப்ப நம்ம டீச்சர் ஒருத்தங்க வகுப்புல நடந்தத சொல்றேன். சென்னையில ஒரு ஸ்கூல், ரெண்டாங்கிளாஸ். ஒரு பையன் எந்திரிச்சு படிக்கறான், "உழவர் ஏர் பூட்டி உழுதார்." ழகரம் அப்படியே தேன் மாதிரி விழுது. பெரியவங்களுக்கே வராத ழகரம்! டீச்சருக்கு ஒரே சந்தோஷம். சரி, புரிஞ்சுதான் படிச்சானான்னு பாப்போம்னு, "ஏர்னா என்னடா கண்ணு?"ன்னு கேக்கறாங்க. பையன் டக்குனு சொல்றான், "காத்து மிஸ்!"

டீச்சர் திகைச்சுட்டாங்க. "அப்ப ஏர் பூட்டின்னா?" "பங்க்ல போய் டயருக்கு ஏர் புடிச்சாரு மிஸ், புடிச்சுட்டு வால்வ நல்லா இறுக்கி பூட்டிட்டாரு, இல்லன்னா காத்து போயிரும்ல!" சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. டீச்சர் விடல, "சரிடா, அப்ப உழுதார்?" பையன் யோசிச்சான். மூஞ்சி வாடிப் போச்சு. "அப்பவும் பஞ்சர் ஆயிருச்சு மிஸ், அழுதார்."

ஏர் புடிச்சாரு, வால்வ பூட்டினாரு, பஞ்சர் ஆச்சு, அழுதாரு! ஒரு வரியில முழுக்கதை! நீங்க இப்ப சிரிக்கறீங்க, நான் அந்தப் புள்ளைய கும்பிடறேன். அவன் மூளையில என்ன குறை? ஆரம்பம், நடு, முடிவுன்னு கோர்வையா ஒரு கதையே கட்டியிருக்கான். அவன்கிட்ட எழுத்து இருக்கு, யோசனை இருக்கு, கற்பனை இருக்கு. இல்லாதது ஒண்ணே ஒண்ணு, அந்த சொல்ல அவன்கிட்ட யாரும் பேசல.

1986ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆய்வாளருங்க இதத்தான் கணக்காவே போட்டாங்க. எழுத்தக் கூட்டிப் படிக்கற திறமை ஒரு பக்கம், கேட்டுப் புரிஞ்சுக்கற திறமை இன்னொரு பக்கம், ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் படிச்சுப் புரியறது. நல்லா கவனிங்க, கூட்டல் இல்ல, பெருக்கல்! ஒரு பக்கம் 100 இருந்தாலும் இன்னொரு பக்கம் பூஜ்யம்னா விடை பூஜ்யம். எழுத்து வேணாம்னு நாங்க சொல்லவே இல்ல. சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்னு கேக்கறோம்.

அதுவும் நம்ம தமிழ்ல பாருங்க. கடல்ல ஒரு க, தங்கத்துல ஒரு க, பகல்ல ஒரு க. எழுத்து ஒண்ணு, சத்தம் வேற வேற. எந்த இடத்துல எந்த சத்தம்னு புள்ளைக்கு யாரு சொல்லுவா? அந்த சொல்ல முன்னாடியே கேட்ட காதுதான் சொல்லும். அப்புறம், வீட்டுல "வந்துட்டு இருக்காங்க"ன்னு கேட்டு வளர்ற புள்ள புத்தகத்தத் தொறந்தா "வந்துகொண்டிருக்கிறார்கள்"னு இருக்கு. திடீர்னு அதப் பாத்தா பயந்துடும். கதைய சத்தமா வாசிச்சுக் காட்டி, நடுவுல நிறுத்தி "அடுத்து என்ன ஆகும் சொல்லு?"ன்னு கேட்டு, அது சொல்றத நாம காது குடுத்துக் கேட்டோம்னா அந்த பயம் போகும்.

"யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை"ன்னு நாக்கு சுத்தச் சுத்த சொல்ல வைக்கறமே, அது வெறும் வெளையாட்டுன்னு நெனச்சீங்களா? ஒரு சொல்லுக்குள்ள என்னென்ன சத்தம் இருக்குன்னு புள்ள பிரிச்சுக் கேக்கறதுக்குப் பழகுது. வட்டம், கட்டம், பட்டம்னு கை தட்டிச் சொல்ற புள்ளைக்கு அப்புறம் ட்-ட சுலபமா புடிபடும். கொரோனாவுல விட்டுப்போன படிப்ப மீட்க 2022ல தமிழ்நாட்டுல ஒண்ணுல இருந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் 'எண்ணும் எழுத்தும்'னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்களே, அதுலயும் பாட்டு, கதை, பொம்மலாட்டம்னுதான பாடத்த ஆரம்பிச்சாங்க?

ஆனா நாம என்ன பண்றோம்? மூணு வயசுல பென்சில கையில திணிச்சு நாலு பக்கம் அ எழுது, ஆ எழுதுன்னு உக்கார வைக்கறோம். வாயத் தொறந்தா "பேசாத, எழுது!"

அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் வீட்டுல யாரு இருந்தா தெரியுமா? அவங்க தாத்தா. ஊர்ல ஏர் ஓட்டினவரு. நெலம் போயி, மெட்ராஸ்ல ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனா இருக்காரு. ஏர்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளு அந்த வீட்டுலயே இருந்திருக்காருங்க! "தாத்தாகூட கதை பேசாத, போய் ஹோம்வொர்க் எழுது"ன்னு பையன வெரட்டி வெரட்டி விட்டிருக்காங்க.

அந்த டீச்சர் ஒரு காரியம் பண்ணாங்க, தாத்தாவ கிளாசுக்கு கூப்பிட்டாங்க. செருப்ப வாசல்லயே விட்டுட்டு, கூச்சப்பட்டு சொவத்தோரமா நின்னாராம். "எனக்கு கையெழுத்துகூட வராதேம்மா"ன்னாராம். அப்புறம் ரெண்டு பசங்கள மாடா குனிய வச்சு, கழுத்து மேல ஒரு ஸ்கேல வச்சு, இதுதான் நுகத்தடி, இது கலப்பை, இது கொழு, மண்ண கிழிக்கறது இது, இப்ப நான் கையில புடிச்சிருக்கனே இதுதான் மேழின்னு சொல்லச் சொல்ல கிளாஸே மாடு ஓட்டுச்சாம். பசங்க சொன்னத டீச்சர் போர்டுல அப்படியே எழுத, அவங்க சொன்ன சொல்ல அவங்களே படிச்சாங்க. அந்தப் பையன் நோட்டுல எழுதினான், "எங்க தாத்தா ஏர் பூட்டினார்." ஒரு தப்பு இல்ல!

அம்மாமாரே, உங்ககிட்டதான் பேசறேன். பேரண்ட்ஸ் மீட்டிங்ல "வீட்டுல சொல்லிக் குடுங்க"ன்னு மிஸ் சொன்னதும் முந்தானைய திருகிக்கிட்டு "நான் படிக்கலைங்க"ன்னு தலை குனியறீங்களே, ஏன் குனியறீங்க? கத்திரிக்கா நறுக்கும்போது இது ஏன் சொத்தைன்னு உங்க புள்ள கேக்குது, நீங்க பதில் சொல்றீங்க, அது மறுபடியும் கேக்குது. நீங்கதாம்மா அதுக்கு முதல் வாத்தியாரு, பெத்தவ பேச்சுக்கு எந்த ஸ்கூல்லயும் ஃபீஸ் கட்ட முடியாது!

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் அய்யா, தீர்ப்ப எங்க பக்கம் குடுங்க, இந்தப் புள்ளைங்களுக்காக குடுங்க. எதிரணி அண்ணே, உங்க பேத்திகிட்டயும் இன்னிக்கு ஒரு கதை கேளுங்க. நன்றி, வணக்கம்.