பதக்கம் யார் கைக்குப் போகிறது?

(தண்டையார்பேட்டை வாசகசாலை ஒன்றில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் விருதுகளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தங்கசாலைத் தெரு. 1878 செப்டம்பரில், அங்கே ஸ்ரீநிதி அச்சகத்தில் ஒரு வாரப் பத்திரிகை 80 பிரதிகள் அச்சானது. நடத்தியவர்கள் ஆறு இளைஞர்கள். முதலீடு, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய். இந்தியரான முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்லப் பிறந்ததுதான் ‘தி இந்து’.

அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், நொடித்துப்போன ஒரு பத்திரிகையை 2,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார் ஜோசப் புலிட்சர். ஹங்கேரியில் பிறந்து, 17 வயதில் கப்பலேறி வந்தவர்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னாளில் நியூயார்க்கில் அவர் நடத்திய ‘வேர்ல்டு’ நாளிதழுக்காக, 1887-இல் நெல்லி பிளை என்ற இளம்பெண் மனநோயாளிபோல நடித்துக் காப்பகத்துக்குள் போனார். பத்து நாள் உள்ளே இருந்து, அங்கே பெண்கள் பட்ட கொடுமைகளை எழுதினார். காப்பகங்களுக்கான நிதியை நகரம் உயர்த்தியது. அதே ‘வேர்ல்டு’தான், ஹெர்ஸ்ட் என்ற முதலாளியின் பத்திரிகையோடு போட்டி போட்டு, 1898 ஸ்பெயின் போர்க் காலத்தில் பரபரப்புச் செய்திகளை ஊதிப் பெருக்கியது. ‘மஞ்சள் பத்திரிகை’ என்று இன்றும் திட்டுகிறோமே, அந்தச் சொல் பிறந்ததே இந்தப் போட்டியில்தான்.

எது விற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் 1904-இல் எழுதிய உயிலில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வழியாகப் பரிசுகள் தரப் பணம் ஒதுக்கினார். அவைதான் புலிட்சர் பரிசுகள். 1911-இல் இறந்தார், 1917-இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. விற்பனைக்கு அப்பால் ஓர் அளவுகோல் வேண்டும் என்று அவர் உணர்ந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது பொதுச்சேவைக்கான பரிசு. அதற்கு மட்டும்தான் தங்கப்பதக்கம். அது பத்திரிகையின் பெயருக்கே போகும். அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவிக்கு உலை வைத்த வாட்டர்கேட் ஊழல் பற்றிய செய்திகளுக்காக 1973-இல் வாஷிங்டன் போஸ்ட் வாங்கியதும் அப்படித்தான். மாதக்கணக்கில் ஒரே விஷயத்தைத் துரத்துகிற நிருபருக்குச் சம்பளம் கொடுத்து, வழக்கு வந்தால் பின்னால் நிற்க ஒரு நிறுவனம் வேண்டுமே!

நம் நாட்டில் பத்திரிகையாளர்களுக்கு ராம்நாத் கோயங்கா விருதுகள் இருக்கின்றன. சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத்துக்கு 2007-இல் ஆசிய அளவிலான மகசேசே விருது கிடைத்தது.

சரி, நம் எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்து வந்தது. மீனவர்கள் வாளியும் குவளையுமாக அதை அள்ளியதை நாடே பார்த்தது. அன்று கேமராக்கள் வந்தன. ஆறு மாதம் கழித்து, அந்த வலைகள் என்ன ஆயின, சேற்றில் நண்டு தட்டுப்படுகிறதா என்று கேட்க வருகிறவர் எத்தனை பேர்? அப்படித் திரும்பி வருகிற நிருபருக்கும், அவரை அனுப்பி வைக்கிற பத்திரிகைக்கும் விருது கொடுக்க வேண்டும்.

நம் வாசகசாலையே ஆண்டுக்கொரு முறை கொடுக்கலாம். தொகை சிறியதாக இருக்கட்டும். தேர்வுக் குழுவில் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர் ஒருவராவது உட்கார வேண்டும். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் இதைப் பேசப் போகிறேன். கூட வருகிறவர்கள் கொஞ்சம் இருங்கள்.