பொண்ணு தேடி 1,000 கிலோமீட்டர் நடந்த ஓநாய்!

வணக்கம் மக்களே! அமெரிக்காவுல அவ்வளவு காடு, அவ்வளவு வெட்டவெளி. ஐரோப்பாவுல திரும்பின பக்கமெல்லாம் ஊர். ஓநாய் எங்க அதிகம்? அலாஸ்காவைக் கழிச்சுட்டுப் பார்த்தா ஐரோப்பாவுலதான், அதுவும் ரெண்டு மடங்குக்கு மேல! ரஷ்யா, பெலாரஸ், உக்ரைனை விட்டுட்டு 2014-ல சயின்ஸ் இதழ்ல வந்த கணக்கு: ஓநாய் 12,000, பழுப்புக் கரடி 17,000, லின்க்ஸ்ங்கிற காட்டுப்பூனை 9,000.

ஒரு காலத்துல சுட்டே ஒழிச்சாங்க. காட்டுயிரைக் காப்பாத்த 1979 பெர்ன் ஒப்பந்தமும் 1992 ஐரோப்பியச் சட்டமும் வந்த பிறகு மீண்டுச்சு. வரலாறு போதும், அந்த சயின்ஸ் ஆய்வோட மேப்புக்கு வாங்க.

(திரையில் ஐரோப்பா வரைபடம்)

கண்டம் முழுக்க 10-க்கு 10 கிலோமீட்டர் கட்டம். நிலையா இருக்கிற கட்டத்துக்கு ஒரு நிறம், எப்பவாவது வந்து போற கட்டத்துக்கு வேற நிறம். முக்கியமா, நாடு நாடா பிரிக்காம, ஒண்ணோட ஒண்ணு இணை சேருற கூட்டம் எதுன்னு பார்த்தாங்க. ஏன்?

2011-ல ஸ்லோவேனியாவுல ஒரு இளம் ஆண் ஓநாய்க்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டினாங்க. பேரு ஸ்லாவ்ட்ஸ். டிசம்பர்ல கிளம்புச்சு பாருங்க! நெடுஞ்சாலை, ஆறு, ஆஸ்திரியாவோட பனிமலை எல்லாம் தாண்டி, 1,000 கிலோமீட்டருக்கு மேல நடந்து, மார்ச்ல இத்தாலியோட லெசினியா மலைக்குப் போய்ச் சேர்ந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஓநாயே இல்லாத மலை. அங்க ஒத்தையில ஒரு பெண் ஓநாய், இத்தாலிக் கூட்டத்துல இருந்து வந்தது! பக்கத்து ஊரு ரோமியோ-ஜூலியட் கதை நடக்கிற வெரோனாவாச்சே, ஜூலியட்னே பேரு வச்சாங்க. 2013-ல குட்டி போட்டுச்சு. பிரிஞ்சு கிடந்த ரெண்டு கூட்டம் சம்பந்தி ஆயிடுச்சு! எத்தனை தடவை படிச்சாலும் எனக்குப் புல்லரிக்கும்.

(திரையில் சேத்துமடை செக்போஸ்ட்)

இப்ப நம்ம பக்கம். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளாவுல இருக்கு. ரோடு நம்ம தமிழ்நாட்டு சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியா. பாலக்காட்டு வண்டியும் இங்க வந்துதான் போகணும். புலிக்கு அந்தச் சுத்து கிடையாது, ஆனைமலையும் பரம்பிக்குளமும் அதுக்கு ஒரே காடு. கணக்கெடுப்புல எதிரெதிரா ரெண்டு கேமரா கட்டுவாங்க, புலியோட இடப்பக்க வரி வேற, வலப்பக்க வரி வேற. ரெண்டு மாநிலப் படத்தையும் ஒப்பிடலேன்னா ஒரே புலியை ரெண்டு தடவை எண்ணிடுவோம். 2006-ல இந்தியா முழுக்க 1,411 புலி; 2022-ல குறைஞ்சது 3,167.

ஐரோப்பாவுல காட்டுக்கு வேலி போட்டுப் பிரிக்கல. ராத்திரி ஆட்டுப்பட்டிக்கு மின்வேலி, கூடவே காவல் நாய், செத்த ஆட்டுக்கு நஷ்டஈடு. அந்தக் காசு சீக்கிரம் கைக்கு வரலேன்னா எந்த மேப்பும் நிக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன். மறையூர், வால்பாறை, குமுளி பக்கம் மாடு வச்சிருக்கிறவங்க, நஷ்டஈடு கைக்கு வர எத்தனை மாசம் ஆச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ அதை வச்சுத்தான்.