மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயர்

நேயர்களுக்கு வணக்கம்.

தினமும் கார் எடுக்கிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். திருவொற்றியூர் பக்கம் டயர் மாற்றுவதும், சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்ப்பதும்தான் என் தொழில். அதனால் எனக்குத் தெரிந்த டயரைப் பற்றியே பேசுகிறேன். டயர் மாற்ற வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, "அண்ணே, எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பார்கள். மழையில் பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். என் ஆசை, இந்த உரையைக் கேட்ட பிறகு நீங்கள் கடையில் அதை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான்.

இப்போது 'ஆல் சீசன்' டயர்தான் வேண்டும் என்று சிலர் வருகிறார்கள். பனி பெய்யும் நாடுகளில் கோடைக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட் வைத்திருப்பார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிப்போய் பிடிப்பு குறைந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்ட முடியாதவர்களுக்காக நடுவாக வந்தது ஆல் சீசன். அதன் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து இருக்கும்; சேறு, பனி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. சிலவற்றில் மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரையும் இருக்கும். நமக்கு மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரி இருக்கிறது. அந்த முத்திரைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் கொதிக்கிற தார் ரோடு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, இந்த இரண்டையும் தாங்கினால் போதும்.

மழையை முதலில் எடுத்துக்கொள்வோம். ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டங்களைத்தான் பட்டன் என்கிறோம், அவற்றுக்கு நடுவே ஓடுகிற பள்ளங்கள்தான் காடி. புது கார் டயரில் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். காடிகளுக்குள் உற்றுப் பார்த்தால் அடியில் குறுக்காகச் சின்னச் சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், அதோடு அந்த டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் அதுவரை ஓட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டில் நிற்கிற தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது அந்தக் காடிகள்தான். ஆழம் குறைந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. வேகம் கொஞ்சம் கூடினதுமே அது டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக் மிதித்தால் வண்டி கேட்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி என்று போகும்போது இது நடந்தால் என்ன ஆகும்? பட்டன் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது மட்டும் எந்த டயரும் உதவாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

பட்டன் பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வண்டிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு, முன் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் வெளிப்பக்கம் பட்டன் பாதிக்கு மேல் இருக்கும். உள்ளே வழவழவென்று மொட்டையாக இருக்கும். இன்னும் முற்றிப்போனால் ரப்பருக்குள் இருக்கிற மெல்லிய கம்பி வெளியே வந்து விரலைக் குத்தும். அலைன்மென்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதையும் தின்றுவிடும். வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம் என்று பள்ளத்திலும் தோண்டிப்போட்ட ரோட்டிலும் ஓடுகிற வண்டிகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். பக்கவாட்டில் எங்காவது எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தால், பள்ளத்தில் இறங்கி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, அந்த டயரை அன்றைக்கே கழற்ற வேண்டும்.

சரி, எதை வாங்குவது? முதலில் அளவு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 185/65 ஆர் 15 என்பது போல ஓர் அளவு அதில் எழுதியிருக்கும். அதே அளவை வாங்குங்கள். பழைய டயரில் அளவுக்குப் பக்கத்தில் 88 எச் என்றிருந்தால், அந்த டயர் 560 கிலோ சுமக்கும், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று கணக்கு. புதியது அதற்குக் குறையக் கூடாது. நாம் 210-ல் போகப்போவதில்லைதான். ஆனால் சூட்டைத் தாங்குகிற பலமும் அந்த எழுத்தோடு சேர்ந்தே வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று அகல டயர் போடச் சொல்லும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, அகலம் கூடினால் தண்ணீரில் மிதப்பதும் சுலபமாகிவிடும் என்பதுதான்.

எந்தக் கம்பெனி என்பது அடுத்த கேள்வி. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்கிற சின்னப் பட்டறையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். அதனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் வேறு பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் கம்பெனி பெயரைவிட மாடல் முக்கியம். ஒரே கம்பெனியில் நிறைய ஓடுகிற மாடல் ஒன்று, பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற மாடல் ஒன்று, ஈரத்தில் பிடிக்கிற மாடல் ஒன்று என்று இருக்கும். பெரும்பாலும், நிறைய ஓடுகிற ரப்பர் கொஞ்சம் கடினம். ஈரத்தில் பிடிப்பு சற்றுக் குறைவு. சில டயர்களின் பக்கவாட்டில் டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று ஆங்கிலத்தில் எழுதி, அருகில் ஏ, பி என்று மதிப்பு போட்டிருப்பார்கள். டிராக்‌ஷன் என்பது ஈரத் தரையில் பிரேக் சோதனை, டெம்பரேச்சர் என்பது சூடு தாங்கும் சோதனை. இரண்டிலும் ஏ இருக்கிறதா என்று பாருங்கள். டிராக்‌ஷனில் இரட்டை ஏ இருந்தால் இன்னும் நல்லது. அதே இடத்தில் ட்ரெட்வேர் என்று ஓர் எண்ணும் இருக்கும். அது அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்வது, அதை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிட முடியாது.

மாட்டுவதற்கு முன்னால் தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். சில டயரில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் பார்க்க முடியாது. ஓடாமல் கோடவுனில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். செகண்ட் ஹேண்ட் டயரில் கறுப்பு பாலிஷ் போட்டு வெடிப்பை மறைத்திருப்பார்கள்; தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெளியில் நிற்கிற வண்டிகளில் உப்புக்காற்று பட்டு இரும்பு ரிம் துருப்பிடிக்கும். டயர் வந்து உட்காருகிற விளிம்பில் துரு ஏறினால், பஞ்சரே இல்லாமல் மெதுவாகக் காற்று இறங்கும். அது தெரியாமல் பஞ்சர் கடைக்கு அலைகிறவர்கள் உண்டு. புது டயர் மாட்டும்போது ரிம் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், சங்கடப்பட வேண்டாம். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை.

நான்கும் ஒன்றாக வாங்கக் கையில் காசில்லை, இரண்டுதான் முடியும் என்றால், புது டயர் இரண்டையும் பின்னால் போட வேண்டும். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கே வருவார்கள். "வண்டியை இழுக்கிறது முன் வீல்தானே அண்ணே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் மழையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி வழிக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுற்றிக்கொண்டு போகும். அதைத் திருப்பிப் பிடிக்க சாதாரண டிரைவரால் முடியாது. டயர் கம்பெனிகளே புதியதைப் பின்னால் போடத்தான் சொல்கின்றன. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வெயிலுக்கு எதிரி குறைந்த காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு மடங்கி மடங்கி நிமிரும். அதிலேயே சூடு ஏறும். சித்திரை மத்தியானத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனால் வெடிப்பதற்கு அதுவே போதும். கதவுத் தூண் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றழுத்த அளவைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். ஓடி வந்த சூட்டில் அளவு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

அப்புறம், டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி. பட்டன் முழுசாக இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து கிடப்பதாக இருந்தால், அந்த நான்கு இலக்கத்தை அதிலும் பாருங்கள். நான்கு டயருக்கும் காற்று பிடிக்கிற அன்றைக்கே அதற்கும் பிடித்துவிடுங்கள். புது டயர் மாட்டியதும் முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். டயரை வார்க்கிற அச்சிலிருந்து வந்த பிசுக்கு மேல்தோலில் இருக்கும், அது தேய்ந்து போகிற வரைக்கும் முழுப் பிடிப்பு கிடைக்காது. முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை வீல் நட்டுகளை முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.