திரவ மை: எண்ணெயோடு ஒரு மல்லுக்கட்டு

வணக்கம் மக்களே. முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் நேராக மைக்ரோஸ்கோப்புக்குப் போய்விடுவோம். திரையில் இரண்டு 'க' தெரிகிறதா? இடப்பக்கம் இருப்பது சாதாரண லேசர் பிரிண்டரில், தூள் டோனரால், அதாவது பொடியாக இருக்கும் மையால் அடித்தது. வலப்பக்கம் இருப்பது திரவ மையில் ஓடும் டிஜிட்டல் அச்சு இயந்திரத்தில் அடித்தது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது பெரிதாக்குகிறேன். இடப்பக்க எழுத்தின் ஓரம் கரடுமுரடாக இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளைத் தாளில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. அவையெல்லாம் வழிதவறிப் போன டோனர் துகள்கள். எழுத்தும் தாளுக்கு மேலே உருகி உறைந்த பிளாஸ்டிக் மேடாக எழும்பி நிற்கிறது. வலப்பக்கம் பாருங்கள். ஓரம் சுத்தமாக வெட்டி நிற்கிறது, மேடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தாளின் நார் ஓடும் திசைகூட மைக்கு ஊடாகத் தெரிகிறது.

இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் துகளின் அளவு. தூள் டோனரின் துகள் இன்றைக்கு 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). திரவ மைத் துகள் 1, 2 மைக்ரான்தான். சரி, தூளையே 1 மைக்ரானுக்கு அரைத்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். அரைக்கலாம், ஆனால் அதைக் கட்டி மேய்க்க முடியாது. துகள் சிறுத்துக்கொண்டே போனால், மின்புலம் அதை இழுக்கும் விசை வேகமாகக் குறைகிறது. பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும் விசை அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஆகவே ரோலரில் ஒட்டியது ரோலரிலேயே கிடக்கும். ஒட்டாமல் தப்பித்தது காற்றில் பறந்து இயந்திரம் முழுக்கப் படியும், மூச்சோடு நுரையீரலுக்கும் போகும். அதே துகளை ஒரு திரவத்துக்குள் விட்டால் இந்த இரண்டு தொல்லையும் தீர்ந்துவிடும். துகள் பறக்காது; சுற்றிலும் திரவம் இருப்பதால் ஒன்றோடொன்று அப்பிக்கொள்வதும் குறையும்.

யோசனை புதிதல்ல. செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் நகலை எடுத்தபோது பயன்படுத்தியது தூள். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டி, எழுத்து உள்ள கண்ணாடி வழியாக ஒளியைப் பாய்ச்சி, லைகோபோடியம் என்ற தாவர வித்துத்தூளைத் தூவினார். 1950களில் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகத்தில் இருந்த கென் மெட்காஃபும் ராபர்ட் ரைட்டும் தூளுக்குப் பதிலாக, எண்ணெயில் கலந்த நிறமியை எடுத்துக்கொண்டார்கள். இன்று திரவ மை என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்.

ஏன் எண்ணெய், ஏன் தண்ணீர் இல்லை? இயந்திரத்துக்குள் சுழலும் உருளைதான் டிரம்; ஒளி பட்ட இடத்தில் அது மின்னூட்டத்தை இழக்கும். அதன் மேல் உருவாகும் பிம்பம் மின்னூட்டத்தால் ஆனது. அதன் மேல் தண்ணீரை ஊற்றினால், மின்னூட்டம் அந்தக் கணமே கசிந்து ஓடிவிடும், பிம்பமும் போய்விடும். எனவே மின்சாரத்தைக் கடத்தாத திரவம் வேண்டும். ஐசோபார் என்ற பெயரில் விற்கும் ஐசோபாரஃபின் வகை ஹைட்ரோகார்பன்தான் வழக்கமான தேர்வு. நிறமில்லை, மணம் மிகக் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான். துகள் நகர வேண்டுமானால் அதற்கு மின்னூட்டம் வேண்டும். ஆனால் மின்னூட்டத்தைத் தாங்கவே விரும்பாத திரவத்தில் அதைப் போட்டிருக்கிறோம். தண்ணீரில் ஒரு நேர் அயனியும் எதிர் அயனியும் 0.7 நானோமீட்டர் தள்ளி நின்றாலே ஒன்றையொன்று விட்டுத் தனியாகத் திரியலாம். இந்த எண்ணெயில் அதற்கு 28 நானோமீட்டர் தூரம் வேண்டும். அவ்வளவு தூரம் தானாக யாரும் விலகிப் போவதில்லை, ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்காகவே மையில் சார்ஜ் டைரக்டர் என்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் அப்படிப்பட்ட ஒன்று. அதன் மூலக்கூறுகள் எண்ணெயில் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டு, ஒரு மின்னூட்டத்தை நடுவில் வைத்து மூடிக்கொள்கின்றன. உருண்டை பெரிது என்பதால் அதற்கு எதிரான மின்னூட்டம் கிட்டே நெருங்க முடியாது. ஒரு வகை மின்னூட்டம் மைத் துகளின் மேல் நிற்கும், மற்றது உருண்டைக்குள் அடைபட்டு எண்ணெயில் மிதக்கும். மொத்தத்தில் பாட்டிலுக்குள் கூட்டிக் கழித்தால் பூஜ்யம்தான்.

அப்புறம் பிம்பத்தில் மை எப்படி ஏறுகிறது? ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இயந்திரத்துக்கு இயந்திரம் எண்கள் மாறும், போக்கு மட்டும் மாறாது. டிரம்மை மைனஸ் 800 வோல்ட்டுக்கு ஏற்றுகிறோம். லேசர் பட்ட இடம் மைனஸ் 80க்கு இறங்கிவிடுகிறது. மை ரோலரில் மைனஸ் 450 வோல்ட். மைத் துகளும் மைனஸ் மின்னூட்டம் உள்ளது. லேசர் பட்ட இடத்துக்கு முன்னால் வந்ததும் 370 வோல்ட் வித்தியாசம் அதை டிரம்மை நோக்கித் தள்ளுகிறது. லேசர் படாத இடத்துக்கு முன்னால் வந்தால், 350 வோல்ட் அதை ரோலருக்கே திருப்பி அனுப்புகிறது. இரண்டு பக்கமும் தள்ளுமுள்ளு இருப்பதுதான் அழகு. வெள்ளை வெள்ளையாக இருப்பதற்கும் ஒரு விசை வேலை செய்கிறது. மின்னூட்டம் இல்லாத துகளுக்கு மட்டும் இந்த இரண்டு கட்டளையும் காதில் விழாது. அதுதான் தாளில் சாம்பல் படலமாக வந்து நிற்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் எல்லாம் சுகமாக நடக்கும்போல இருக்கும். என்னைக் கேட்டால், திரவ மையில் மையைப் பிம்பத்தில் ஏற்றுவது பெரிய வேலையே இல்லை, துகள் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். கூடவே வரும் எண்ணெயை எப்படித் துரத்துவது என்பதுதான் முழு வேலையும். இயந்திரத்தின் பாதி உறுப்புகள் அதற்காகவே இருக்கின்றன.

1970களின் திரவ மை நகல் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ரிக்கோ தயாரித்து, சாவின் (Savin) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் விற்ற இயந்திரங்கள் அமெரிக்காவில் ஜெராக்ஸுக்கே தலைவலி கொடுத்தன. மிக நீர்த்த மையை டிரம்மில் ஓடவிட்டு, பிறகு டிரம்மைத் தொடாமல், முடியளவு இடைவெளியில் எதிர்த்திசையில் சுழலும் ஒரு ரோலர் மிச்ச எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். வழித்த பிறகும் கொஞ்சம் எண்ணெய் தாளோடு வெளியே வரும். நகல் ஈரமாக, லேசான பெட்ரோலிய வாடையோடு கையில் விழும். அந்த எண்ணெய் எங்கே போகும்? அறைக் காற்றுக்குத்தான். தூள் இயந்திரத்தில் இந்த வாடையும் ஈரமும் கிடையாது. அலுவலகங்கள் தூள் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

நீர்த்த மைக்கு இன்னொரு குறை வேகம். எண்ணெய்க்குள் துகள் மெதுவாகத்தான் நகரும். இடைவெளி அகலமாக இருந்தால் மறுகரை சேர ஒரு விநாடிக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் டிரம் எங்கேயோ சுழன்று போயிருக்கும்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு விடை இண்டிகோவிடமிருந்து வந்தது. பென்னி லாண்டா 1977இல் இஸ்ரேலில் தொடங்கிய நிறுவனம் அது. 1993இல் இ-பிரிண்ட் 1000 என்ற டிஜிட்டல் ஆஃப்செட் இயந்திரத்தை வெளியிட்டது, 2002இல் எச்.பி. அதை வாங்கிவிட்டது. அங்கே பின்னாளில் வந்த மை யூனிட்டில் மை நேராக டிரம்முக்குப் போவதில்லை. தொட்டியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் திடப்பொருள். முதலில் ஒரு மின்முனை அந்தத் துகள்களை மை ரோலரின் மேல் அழுத்திப் படியவைக்கிறது. அடுத்து ஸ்குவீஜி ரோலர் ஒன்று அந்தப் படலத்தைப் பிழிந்து எண்ணெயை வெளியேற்றுகிறது. டிரம்மைத் தொடும்போது திடப்பொருள் இருபது சதவீதத்தைத் தாண்டிவிடும், அது பேஸ்ட். துகள் நீந்திப்போகத் தூரமே இல்லை. தொட்டவுடன் பிம்பம் உள்ள இடத்தில் படலம் டிரம்முக்கு மாறும், மற்ற இடத்தில் ரோலரிலேயே இருக்கும். மிஞ்சியதை இன்னொரு ரோலர் சுரண்டித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும்.

டிரம்மிலிருந்து நேராகத் தாளுக்குப் போகாமல், நடுவில் பிளாங்கெட் என்ற சூடான ரப்பர் உறை ஒன்று இருக்கிறது. இங்கேதான் கடைசி எண்ணெயும் ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிரவைத்துச் சேகரித்துக்கொள்கிறார்கள். சூட்டில் துகள்கள் இளகி ஒன்றாகி ஒரே படலமாகிவிடும். துகள் உருண்டையாக இல்லாமல் நார் நாராகக் கைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். குளிர்ந்த தாளைத் தொட்டதும் படலம் இறுகி, ஸ்டிக்கர் உரிவதுபோல முழுசாகப் பெயர்ந்து தாளுக்கு வந்துவிடும். பிளாங்கெட்டில் எதுவும் மிஞ்சாததால் அடுத்த சுற்றிலேயே அடுத்த நிறத்தை ஏற்றலாம். தாளில் நிற்பது ஏறத்தாழ 1 மைக்ரான் படலம். பளபளப்பான தாள் பளபளப்பாகவே, பளபளப்பில்லாத தாள் பளபளப்பில்லாமலே இருப்பது அதனால்தான்.

இப்போது இந்த பாட்டிலைப் பாருங்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்த திரவ மை. மேலே தெளிந்த எண்ணெய், அடியில் கெட்டியான கருப்பு வண்டல். குலுக்கினால் கலந்துவிடும். ஆனால் கலந்தது பழைய மையா என்பது வேறு கேள்வி. அச்சடிக்க அடிக்க நன்றாக மின்னூட்டம் பெற்ற துகள்கள் முதலில் தாளுக்குப் போய்விடும், சோம்பேறிகள் தொட்டியில் தங்கிவிடும். போதாததற்கு, சார்ஜ் டைரக்டர் அதே விகிதத்தில் செலவாவதில்லை. பக்கம் முழுக்க நிறம் அடிக்கும் வேலை ஒரு விதமாகத் தொட்டியை மாற்றும், நாலு வரி எழுத்து மட்டும் அடிக்கும் வேலை வேறு விதமாக மாற்றும். ஆகவே இயந்திரம் மையின் அடர்த்தியைத் தனியாகவும், அது எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத் தனியாகவும் அளந்துகொண்டே இருக்கும். செறிவு மை, எண்ணெய், சார்ஜ் டைரக்டர் மூன்றையும் தனித்தனியாக ஊற்றும். நிறம் மங்குகிறதே என்று மையை மட்டும் கூட்டுபவர்கள் பெரும்பாலும் கடத்துதிறன் எண்ணைப் பார்ப்பதில்லை. டைரக்டர் அதிகமாகிவிட்டால், எண்ணெயில் மிதக்கும் மின்னூட்டமே மின்புலத்தைத் தின்றுவிடும். துகளுக்கு மிச்சம் கிடைக்காது. மை கூட்டக் கூட்ட நிறம் இன்னும் மங்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தாளில் அவ்வளவு உறுதியாக நிற்கும் அந்தப் படலம், பழைய தாளைக் கூழாக்கி மை நீக்கும்போது பொடியாக உதிராமல் செதில் செதிலாகவே மிதக்கும். மறுசுழற்சி ஆலைகளுக்கு இது பிடிப்பதில்லை. தூள் டோனரை நீக்குவது அவர்களுக்கு இதைவிட எளிது.

அடுத்த வீடியோவில் மை யூனிட்டைப் பிரித்து ஸ்குவீஜி ரோலரை வெளியே எடுக்கிறேன். ரோலரின் மேல்பரப்பு தேய்ந்தால் அச்சில் எந்த மாதிரிக் கோடு விழும் என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.