உங்கள் ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டரில் அடிக்கடி காதில் விழும் சொற்களை எளிமையாக விளக்க வேண்டும் என்று வாசகர் வட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். ராம், ஹார்ட் டிஸ்க், கிளவுட், பேக்கப், சிங்க் என்று வரிசையாக அர்த்தம் சொல்லிக்கொண்டே போகலாம். வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துவிடும். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை இடத்தில் இருக்கிறது? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் முக்கால்வாசிச் சொற்கள் தானாகப் பிடிபட்டுவிடும்.

பிரவுசிங் சென்டர்களில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி பென் டிரைவோடு வருகிறாள். புராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும், அன்றுதான் கடைசி நாள். கடைக்காரர் பென் டிரைவைச் செருகி ஃபைலைத் திறக்கிறார். அந்த ஃபைல் இடம் மாறிவிட்டது, திறக்க முடியாது என்று செய்தி வருகிறது. "வீட்டுல திறந்துச்சே அண்ணா" என்கிறாள் அவள். அவள் சொல்வது உண்மைதான். ஆனால் அவள் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தது ரிப்போர்ட் இல்லை, ஷார்ட்கட். ஷார்ட்கட்டுக்குத் திரையில் தெரியும் சின்னப் படத்தின் (ஐகான்) இடது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும். ஃபைல் வேறொரு ஃபோல்டரில் இருக்க, அதற்கு வழி மட்டும் காட்டுவது அது. அளவைப் பார்த்தாலே தெரியும். படங்களோடு நாற்பது பக்கம் உள்ள ரிப்போர்ட், 2 கே.பி. (கிலோபைட்) என்ற அத்தனை சின்ன அளவில் இருக்காது.

எனவே காப்பி செய்யும் முன்னால் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதை அழுத்துங்கள். உண்மையான ஃபைல் இருக்கும் ஃபோல்டர் திறக்கும். அங்கிருந்து காப்பி எடுங்கள். ஒரு சின்ன அம்புக்குறியால் அந்தப் பெண்ணின் மதிப்பெண் குறையக் கூடாது இல்லையா?

அடுத்தது ராம், அதாவது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதம் முதலில் ராமில்தான் இருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது போலத்தான் அது. பீரியட் முடிந்தால் அழிந்துவிடும், நோட்டில் எழுதிக்கொண்டதுதான் நிற்கும். மின்சாரம் போனால் ராமில் இருந்ததும் போய்விடும். கன்ட்ரோல் பட்டனோடு எஸ் அழுத்தும்போதுதான் கடிதம் டிஸ்கில் பதிகிறது. வேர்ட் தானாகவே ஒரு பிரதி எடுத்து வைக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் மாற்றி வைக்காவிட்டால் அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டுமே. ஒன்பதாவது நிமிடத்தில் கரன்ட் போனால் அந்த ஒன்பது நிமிட வேலை கிடைக்காமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும்.

அப்புறம், 1 டி.பி., அதாவது ஆயிரம் ஜி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இடம் ஒன்றுதான், கணக்குதான் வேறு.

இப்போது டெலிட். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் டிஸ்கில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், அங்கிருந்து மீட்கலாம். பென் டிரைவில் டெலிட் செய்தால் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே போய்விடும். பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. பழைய வகை ஹார்ட் டிஸ்கில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பிறகும் தகவல் உடனே அழிவதில்லை. 'இந்த இடம் காலி, வேறு ஃபைல் எழுதலாம்' என்று குறித்து வைப்பதோடு சரி. அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் அதை எடுத்துவிட முடியும். அதனால் பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது ஃபைல்களை டெலிட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸில் 'ரீசெட்' கொடுக்கும்போது, டிரைவை முழுமையாகத் துடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஆதார் நகலும் வங்கிப் புத்தகப் படமும் முகம் தெரியாதவர் கையில் கிடைக்க வேண்டாம்.

போனுக்கு வருவோம். கூகுள் போட்டோஸில் படங்கள் எல்லாம் பேக்கப் ஆகிவிட்டன, இனி போனில் உள்ளதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று எண்ணி, அந்தச் செயலியிலேயே படங்களைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுக்கிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். கிளவுட் என்பது இணையம் வழியாக நாம் ஃபைல்களை ஏற்றி வைக்கும், கூகுள் போன்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள்தான். காரணம், இரண்டும் சிங்க் ஆகியிருக்கின்றன. ஓரிடத்தில் செய்வது மற்ற இடத்திலும் நடக்கும் என்பதுதான் சிங்க். பேக்கப் அப்படியில்லை. ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் தனியே நிற்பதுதான் பேக்கப். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதே செயலியில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று உண்டு. அது கிளவுடில் ஏற்கெனவே ஏறிவிட்ட படங்களை மட்டும் போனிலிருந்து எடுத்துவிடும். தவறுதலாக டெலிட் செய்துவிட்டவர்கள் பதற வேண்டாம். பேக்கப் ஆன படங்கள் டிராஷ் பகுதியில் 60 நாள் இருக்கும். ஆனால் டிராஷைக் காலி செய்துவிடாதீர்கள்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. 2021 ஜூன் முதல், ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. முழுவதும் நிரம்பினால் புது மெயில் வருவதும் நின்றுவிடும். நேர்முகத் தேர்வுக்கான மெயிலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள்.

தமிழில் எழுதுகிற நமக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிடவில்லை. உள்ளே பதிந்திருப்பது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். தாத்தா எழுதிய குடும்ப வரலாறோ, சங்கத்தின் பழைய தீர்மானங்களோ அந்த எழுத்துருக்களில் கிடந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதை ஒரு முறை வாசித்துச் சரிபாருங்கள். ஒற்றுகளும் கொம்புகளும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

கடைசியாக, முக்கியமானவை மூன்று பிரதியாவது இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் கிளவுடாகவும் இருக்கலாம், சொந்தக்காரர் வீடாகவும் இருக்கலாம். அந்தத் தனி டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரோடு செருகியே வைக்காதீர்கள், வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்துத் தாக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பேக்கப்பிலிருந்து ஒரு படத்தையும் ஒரு கடிதத்தையும் திறந்து பாருங்கள்.

பென் டிரைவ் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். அம்புக்குறி உள்ளது எது, உண்மையான ஃபைல் எது என்று திரையில் போட்டுப் பார்ப்போம்.